குதிரைக்குப் புல்லே உணவு

கொல்லிமலையின் அடிவாரத்தில் வாழும் நமக்குக் குதிரை புதிய பிராணியன்று. இம்மலையை ஆண்ட வல்வில் ஓரி, தன் குதிரைக்கும் ஓரி என்னும் பெயரையே வழங்கினான் எனச் சங்க நூல்களால் அறிகிறோம். இன்று காரவள்ளியிலிருந்து 70 கொண்டையூசி வளைவுகளைக் கடந்து பேருந்தும் லாரியும் மலைக்குச் செல்கின்றன. ஆயினும் மலைத் தோட்டம் ஒவ்வொன்றின் வாயிலுக்கும் மோட்டார் வண்டி வருவதில்லை. திண்டுக்கல்லை அடுத்த சிறுமலையில் தோட்டத்து விளைச்சலைச் சாலைவரை கொண்டு சேர்ப்பதற்குக் குதிரைகளே பயன்பட்டு வந்துள்ளன. பொதி சுமக்கும் ஒரு மட்டக்குதிரை ஒரு குடும்பத்தின் முதல். அது மாண்டால் அந்த முதல் முழுவதும் போயிற்று. ஆகவே அதன் தீவனத்தைப் பற்றி அங்கத்தினர்கள் அறியவேண்டியவற்றை இங்கே கூறுவோம்.

முதற்கண் ஒரு பழைய செய்தி. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக்கு வந்த வெனிஸ் நகரத்து மார்க்கோ போலோ, இந்நாட்டரசர் ஆண்டுதோறும் 2,000-க்கு மேற்பட்ட குதிரைகளைக் கடல் கடந்து வரவழைத்ததாகவும், ஆண்டு முடிவில் 100 கூட உயிரோடு எஞ்சவில்லை எனவும் எழுதிவைத்தார். எண்ணிக்கையில் மிகை இருக்கலாம். ஆனால் அவர் கூறிய காரணம் கவனிக்கத்தக்கது. குதிரைகளுக்குச் சமைத்த அரிசியும் இறைச்சியும் கொடுத்தார்கள் என்பதே அது. பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் என்பவரும், வறுத்த தானியமும் வெண்ணெயும் காய்ச்சிய பாலும் குதிரைகளுக்கு ஊட்டப்பட்டதாகக் குறிப்பிட்டார். கருமித்தனத்தால் அவ்வாறு செய்யவில்லை. விலையுயர்ந்த பிராணிக்கு விலையுயர்ந்த உணவே ஏற்றது என்று எண்ணிச் செய்தார்கள். அந்தப் பிழை இன்னும் நம்மை விட்டு முற்றிலும் நீங்கவில்லை.

குதிரையின் வயிறு மாட்டின் வயிறு போன்றதன்று. மாட்டுக்கு நான்கு அறைகளுள்ள பெரிய இரைப்பை உண்டு. விரைவாக மேய்ந்துவிட்டு, பின்னர் படுத்து அசைபோடும். குதிரையின் இரைப்பையோ உடலை நோக்கச் சிறியது. புல்லைச் செரிக்கச் செய்யும் நுண்ணுயிர்கள் அதற்குப் பின்குடலிலேயே வாழ்கின்றன. எனவே சிறிது சிறிதாக, நெடுநேரம் மேயுமாறு அது அமைந்துள்ளது. தானே மேயும் குதிரை ஒரு நாளில் 14 மணி நேரத்துக்கு மேலும் மேய்வதுண்டு. இரைப்பையில் அமிலம் ஓயாது சுரக்கும்; அதைத் தணிக்கும் உமிழ்நீரோ மெல்லும்போதே சுரக்கும். நீண்ட நேரம் பட்டினி கிடந்தால் இரைப்பையில் புண் உண்டாகிறது. குதிரையால் வாந்தி எடுக்கவும் இயலாது.

காலை முதல் வெறும் வயிற்றோடு சுமை இழுத்த குதிரை மாலையில் வீடு திரும்புகிறது. உடையவர் மனம் இரங்கி, ஒரு பெரிய பாத்திரம் நிறையத் தானியத்தை முன்னே வைக்கிறார். பசித்த குதிரை அதை அவசரமாக விழுங்குகிறது. செரியாத மாவு பின்குடலைச் சென்றடைந்து புளிக்கிறது. இரவில் குதிரை வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்க்கிறது; தரையைக் காலால் கீறுகிறது; படுத்துப் புரள்கிறது. பலவேளை விடிவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். பிழைத்தாலும் குளம்பினுள் அழற்சி கண்டு நொண்டியாகக் கூடும். இவ்வறிகுறிகளைக் கண்டவுடன் தீவனத்தை நிறுத்திக் கால்நடை மருத்துவரை அழைப்பதே முறை.

நெசவாளருக்கு விளங்கும்படி கூறினால், புல் பாவு, தானியம் ஊடை. பாவு இல்லாத தறியில் ஊடையை எவ்வளவு எறிந்தாலும் துணி ஆகாது. 250 கிலோ எடையுள்ள மட்டக்குதிரைக்கு நாள் ஒன்றுக்கு உடல் எடையில் நூற்றுக்கு இரண்டு பங்கு, அதாவது ஏறத்தாழ 5 கிலோ உலர்ந்த புல் வேண்டும். நூற்றுக்கு ஒன்றரைப் பங்குக்குக் கீழே எந்நாளும் குறையலாகாது. பசும்புல்லில் பெரும்பகுதி நீராதலால், அதுவாயின் 20 முதல் 25 கிலோ வேண்டும். இதை ஒரே வேளையில் இடாமல், இரவு உட்பட நான்கைந்து வேளைகளாகப் பகிர்ந்து இடுக. சிறு கண்ணுள்ள கயிற்று வலையில் அடைத்துத் தொங்கவிட்டால் மெதுவாகத் தின்னும், மிதித்து வீணாக்காது. புல்லின் மேல், உழைப்புக்கு ஏற்ப, வேகவைத்த கொள்ளைக் கொடுக்கலாம். எத்தானியமாயினும் ஒரு வேளைக்கு ஒரு கிலோவைத் தாண்டவேண்டாம். கொள்ளென்றால் குதிரை வாயைத் திறக்கும் என்பது உண்மையே. அளவை அறிய வேண்டியவர் உடையவர். தூய நீரும் உப்பும் எப்போதும் எட்டும்படி இருத்தல் அவசியம்.

இனித் தரத்தைப் பற்றி. அருகம்புல் குதிரைக்கு மிகவும் ஏற்றது. குதிரை மசால் என்னும் பயிரின் பெயரே அதன் பயனைக் கூறும். கிணற்றுப் பாசனமுள்ளவர்கள் சில பாத்திகளில் விதைத்தால் பலமுறை அறுக்கலாம். கொழுக்கட்டைப் புல் காங்கயம் காளைகளை வளர்த்த புகழுடையது. ஆனால் அதில் உள்ள ஆக்சலேட் என்னும் பொருள் சுண்ணாம்புச் சத்தைப் பிணைத்துவிடும். மாட்டின் முன்வயிறு அதை முறித்துவிடும், குதிரையால் இயலாது. அப்புல்லை மட்டுமே மாதக்கணக்கில் தின்ற குதிரையின் எலும்பு நலிந்து முகம் வீங்கும். தவிட்டை மிகுதியாகச் சேர்த்தால் தீங்கு மேலும் பெருகும். ஆதலால் கொழுக்கட்டைப் புல்லுடன் கடலைக்கொடி, கொள்ளுக்கொடி, மசால் ஆகியவற்றைக் கலந்து இடுக.

வைக்கோல் வயிற்றை நிரப்புமேயன்றி உடலைப் பேணாது. பச்சைச் சோளத்தைக் குதிரைக்கு இடுவதைத் தவிர்க்க. மரவள்ளி இலையிலும் தோலிலும் சயனைடு நஞ்சு உண்டு. சூபாபுல் இலையைத் தொடர்ந்து தின்றால் பிடரி மயிரும் வால் மயிரும் உதிரும். ஆமணக்கு விதையும் பிண்ணாக்கும் கொடிய நஞ்சு. தீவனத்தை மாற்ற நேர்ந்தால் பத்து நாட்களில் படிப்படியாக மாற்றுக.

நம் பகுதியில் மற்றோர் இடரும் உண்டு. கடலைக்கொடி கிடைக்கும் காலத்திலேயே ஐப்பசி, கார்த்திகை மழையும் பெய்கிறது. நனைந்த கொடியைப் போரிட்டால் பூசணம் பிடிக்கும். மாடு தின்கிறதே என்று அதைக் குதிரைக்கு இடுவது தகாது; வயிற்றுவலியும் தீராத இருமலும் வரும். ஒரு பிடி எடுத்து முகர்ந்து பாருங்கள். நல்ல கொடியில் இனிய வாசனையும் சிறிது பசுமையும் இருக்கும். புழுதி பறந்தாலும், கருமையோ வெண்பூப்போ தெரிந்தாலும் எருக்குழியே அதற்கு இடம். புல்லைப் பூக்கும் பருவத்தில் அறுத்து, வெயிலில் புரட்டிக் காயவைத்து, கல்லின் மேல் மரம் பரப்பிப் போரிட்டு, மேலே கூரை வேய்ந்தால் சத்துக் கெடாது நிற்கும்.

மாசி முதல் வைகாசி வரை நான்கு மாதங்கள் புல் அரிதாகும் காலம். நாள் ஒன்றுக்கு 5 கிலோ வீதம் 120 நாட்களுக்கு 600 கிலோ. சேதத்துக்கு இடம் விட்டு 660 கிலோ எனக் கொள்வோம். இதைத் தை முடிவதற்குள் சேர்த்து வைத்தவருக்குக் கோடையில் கவலை இல்லை. தனியொருவருக்கு இது பெருஞ்சுமையாகத் தோன்றலாம். பத்துப் பேர் கூடிக் கடலை விளைத்த அங்கத்தினரிடமிருந்து கொடியை மொத்தமாக வாங்கி, ஒரே கொட்டகையில் போரிட்டு, எடை போட்டுப் பகிர்ந்தால் செலவு குறையும். விளைத்தவருக்கும் விலை கிட்டும். தானியத்தைக் கூட்டாகச் சேமிக்கக் கற்ற நாம், புல்லையும் அவ்வாறே சேமிக்க இயலாதா? அங்கத்தினர்கள் இதைத் தம்முள் கலந்து பேசி, மழைக்காலம் தொடங்குமுன் ஒரு முடிவுக்கு வருவார்களாக.