பென்னலூர் வழியாக ஒரு பிரயாணம்

பத்திரிகை நடத்துகிறவனுக்குக் காலைப் பொழுது என்பது பெரும்பாலும் சாவுக் கணக்கு. எந்த ஊரில் எந்தக் கட்சிக்காரர் வெட்டுண்டார், எங்கே குண்டு வெடித்தது என்று பார்த்து, எதை முதற் பக்கத்தில் இடுவது, எதை உள்ளே தள்ளுவது என்று தீர்மானித்த பிறகே நமக்குக் காபி. வக்கீல் தொழிலை விட்டு இந்தத் தொழிலுக்கு வந்த நாளாய் இதுவே வழக்கம். "கோயில், சிற்பம், சங்கீதம் என்று எங்கேனும் போய் இதையெல்லாம் சற்று மறந்து வாருங்கள்" என்று நண்பர் ஒருவர் சென்ற மாதம் உபதேசம் செய்தார். போனோம். மறக்கத்தான் முடியவில்லை. ஆயினும் போனது வீணாகவில்லை.

சென்னையிலிருந்து பெங்களூர் செல்லும் நெடுஞ்சாலையில் பென்னலூரை அடுத்து இருக்கிறது ஸ்ரீபெரும்பூதூர். சுற்றிலும் மோட்டார்த் தொழிற்சாலைகள். முறை மாறும் வேளையில் தொழிலாளரை ஏற்றிச் செல்லும் பஸ்கள் ஓய்வதில்லை. 1017-ஆம் ஆண்டில் ஸ்ரீ ராமாநுஜர் அவதரித்த க்ஷேத்திரம் இது. ஆனால் நம் வயதினருக்கு அந்த ஊரின் பெயர் முதன் முதலில் காதில் விழுந்தது அவர் மூலமாக அல்ல. 1991 மே 21 இரவு, தேர்தல் பிரசாரத்துக்கு வந்த ராஜீவ் காந்தி அங்கே குண்டுக்கு இரையானார். அவரோடு மாண்டவர்களில் காவலர்களும் இருந்தனர், கூட்டம் பார்க்க வந்த சாமான்யரும் இருந்தனர். தலைவர் வருமுன் ஜனங்களுக்கு அலுப்புத் தட்டாதிருக்க அந்த மேடையிலும் பாட்டுக் கச்சேரி நடந்துகொண்டிருந்தது என்பதை எத்தனை பேர் நினைவு வைத்திருக்கிறார்கள்?

அப்பொழுது நமக்குப் பத்து வயது. மறுநாள் தெருவில் ஈ காக்கை இல்லை. வீட்டு வானொலி நாட்கணக்கில் சோக வாத்தியமே இசைத்தது. வீணை, சாரங்கி, மீண்டும் வீணை. அதன் பிறகு பல வருஷ காலம் எங்கேனும் வீணை நாதம் கேட்டால், "யார் போய்விட்டார்?" என்றுதான் நம் மனம் கேட்கும். கொலைகாரர்கள் ஒரு சிறுவனிடமிருந்து ஒரு வாத்தியத்தையும் பறித்துக்கொண்டார்கள் என்று இப்பொழுது தோன்றுகிறது.

ராஜீவ் விழுந்த இடத்தில் ஏழு தூண்கள் நிற்கின்றன. 2003-இல் ஜனாதிபதி அப்துல் கலாம் திறந்து வைத்த நினைவகம். தூண் ஒன்றுக்கு ஒரு தர்மம். அவற்றுள் ஒன்று சாந்தி. காலையில் சற்று நேரம் அங்கே நின்றுவிட்டுக் காஞ்சிக்குப் புறப்பட்டோம்.

வழியெல்லாம் பழைய யுத்த பூமி. ஒரகடத்துக்கு அப்பால் இருக்கும் மணிமங்கலத்தில்தான் முதலாம் நரசிம்மவர்மன் சாளுக்கியப் புலிகேசியை முறியடித்தான் என்று கூரம் செப்பேடுகள் கூறுகின்றன. பின்னர் 642-ஆம் ஆண்டையொட்டி வாதாபி அழிந்தது. அந்நகரத்துப் பிள்ளையாரைச் சேனாபதி பரஞ்சோதி தமிழ்நாட்டுக்குக் கொணர்ந்தார் என்பது செவிவழிக் கதை. நூறு வருஷம் கழித்துச் சாளுக்கியர் முறை வந்தது. இரண்டாம் விக்கிரமாதித்தன் பல்லவனைத் தோற்கடித்துக் காஞ்சிக்குள் புகுந்தான். அவன் கைப்பற்றிய பொருள்களைக் கேந்தூர்ச் செப்பேடு வரிசைப்படுத்துகிறது: யானைகள், மாணிக்கக் குவியல்கள், இவற்றோடு கடுமுகவாதித்ரம், சமுத்ரகோஷம் என்ற இரண்டு வாத்தியங்கள்! தோற்ற அரசனின் முடியோடு அவன் வாத்தியத்தையும் பிடுங்கினால்தான் அக்காலத்தில் வெற்றி முழுமை பெறும் போலும்.

இனி நடந்ததுதான் விசேஷம். கைலாசநாதர் கோயில் மண்டபத்துத் தூண் ஒன்றில் அதே விக்கிரமாதித்தன் கன்னடத்தில் ஒரு சாசனம் பொறித்திருக்கிறான். காஞ்சியை வென்றும் இக்கோயிலின் செல்வத்தைக் கவராமல் திருப்பிக் கொடுத்ததாக அது சொல்லுகிறது. வென்றவன் தன்னைப் பற்றித் தானே எழுதிய பத்திரம். வக்கீல் புத்தி அதைச் சந்தேகிக்கத்தான் செய்யும். ஆனால் கோயில் இடிபடாமல் கண்முன் நிற்கிறதே, அதைவிட என்ன சாட்சியம் வேண்டும்? அதோடு, அவன் ராணி பட்டதகல்லில் எடுப்பித்த கோயிலுக்கு இந்தக் கைலாசநாதரே மாதிரியாயிற்று. அழிக்க வந்தவன் பார்த்துக் கற்றுக்கொண்டு போனான்! உச்சி வெயிலிலும் குளிர்ந்திருந்த அந்த மணற்கல்லில் சாய்ந்தபடி வெகு நேரம் உட்கார்ந்திருந்தோம்.

அந்தி வேளைக்கு ஸ்ரீபெரும்பூதூர் திரும்பி ஆதிகேசவப் பெருமாள் சந்நிதியை அடைந்தோம். ராமாநுஜர் தாமே உகந்தது என்று போற்றப்படும் திருமேனி இங்கே இருக்கிறது. அவரும் அரசியலுக்குத் தப்பி ஓடினவர்தாம். சைவ வெறி கொண்ட சோழன் ஒருவன் அவரைப் பிடிக்க ஆள் அனுப்பினான் என்று குருபரம்பரை கூறும். அது எந்தச் சோழன் என்பதில் சரித்திர ஆசிரியர்களுக்குள் இன்னும் ஒற்றுமை இல்லை. காஞ்சிக்கருகே கூரத்தில் பிறந்த கூரத்தாழ்வான், குருவின் காஷாயத்தைத் தாம் உடுத்துக்கொண்டு சபைக்குப் போனார். கண்களை இழந்து திரும்பினார். அரசனிடம் காட்டிக் கொடுத்தவன் அவருடைய சொந்தச் சிஷ்யன், நாலூரான். பல்லவனின் ரத்த வெற்றிகளைச் சொல்லும் செப்பேடும் இந்தக் கூரத்தினுடையதே என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும்.

மேல்கோட்டையிலிருந்து ராமாநுஜர் திரும்பிய பின்னர், வரதனைப் பாடிக் கண்ணை வேண்டிப் பெறுமாறு ஆழ்வானுக்குக் கட்டளையிட்டார். ஆழ்வான் வரதராஜ ஸ்தவத்தைப் பாடினார். ஆனால் பாடி முடித்து அவர் கேட்டது, தமக்குக் கிட்டும் நற்கதி நாலூரானுக்கும் கிட்ட வேண்டும் என்பதாம்!

இந்த இடத்தில் நம்முடைய தலைப்பு ஒன்று நினைவுக்கு வந்தது. முன்னொரு தேர்தல் சமயத்தில் நடந்த கொலை ஒன்றுக்கு நாமே இட்டது. சட்டப்படி அதில் குற்றம் காண முடியாது. ஒவ்வொரு சொல்லையும் நாமே பரிசீலித்தோம். ஆனால் செத்தவன் மனிதன் என்பதற்கு முன் அவன் எந்தக் கட்சி என்று வாசகனுக்குச் சொன்ன தலைப்பு அது. மறுநாள் அவ்வூரில் நான்கு வீடுகள் எரிந்தன. நம் பத்திரிகையைப் பார்த்துத்தான் கொளுத்தினார்கள் என்று சொல்ல மாட்டோம். இல்லை என்று சத்தியம் செய்யவும் துணிவில்லை.

அப்பொழுது பிராகாரத்தில் நாகஸ்வரம் எழுந்தது. ஹம்ஸத்வனி. ராமசாமி தீக்ஷிதர் கண்ட ராகம். அதில் அவர் குமாரர் முத்துஸ்வாமி தீக்ஷிதர் செய்த 'வாதாபி கணபதிம்'. எரிந்து போன பகைவர் நகரத்தின் பெயரை முதற் சொல்லாகக் கொண்ட கீர்த்தனத்தோடுதான் நம் கச்சேரிகளில் பாதி தொடங்குகின்றன. எந்தக் கன்னடியரும் அதற்குக் கோபித்ததாகத் தெரியவில்லை. தொழிற்சாலைச் சட்டை போட்ட வாலிபர் இருவர், வீடு திரும்பும் வழியில் போலும், தூணருகே பையை வைத்துவிட்டு நின்று கேட்டார்கள். நாமும் கேட்டோம். யார் போய்விட்டார் என்று அன்று மனம் கேட்கவில்லை.

பையில் டெலிபோன் அதிர்ந்தது. முதற் பக்கத்துக்கு உத்தரவு கேட்டு ஆபீஸிலிருந்து அழைத்தார்கள். ஏதோ ஓர் ஊரில் வெட்டு. தவில் ஓயும் வரை பொறுத்திருக்கச் சொன்னோம். தலைப்பை நாம் வந்து எழுதுவதாகவும் சொன்னோம்.