உயிலில் தொடங்கும் ஆயத்தம்

மரணத்துக்கு ஆயத்தமாவது எப்படி என்று மார்ட்டின் லூத்தர் 1519இல் ஒரு சிறு நூல் எழுதினார். மொத்தமே இருபது பத்திகள். முதல் பத்தியில் ஜெபத்தையும் தவத்தையும் தேடுகிறவர்கள் ஏமாந்து போவார்கள். சொத்துபத்தை ஒழுங்காகப் பிரித்து வை, நீ போனபின் சொந்தபந்தம் அடித்துக்கொள்ள இடம் வைக்காதே என்றுதான் தொடங்குகிறார்.

டீயைக் குடித்துக்கொண்டே கேளுங்கள், கொஞ்சம் நீளமான விஷயம். சாக்சனி இளவரசரிடம் ஆலோசகராக இருந்த ஒருவரைச் சாவு பயம் பிடித்து ஆட்டியது. லூத்தரிடம் ஆறுதலாக ஏதாவது எழுதி வாங்கித் தரும்படி ஸ்பாலட்டீன் என்ற நண்பரை அவர் கேட்டுக்கொண்டார். லூத்தருக்கோ அந்த வருஷம் லைப்சிக் நகரத்து விவாதம் தலைக்கு மேல். மாதக்கணக்கில் இழுத்தடித்துத்தான் கொடுத்தார். கொடுத்தது அந்த ஒருவரோடு நிற்கவில்லை. அச்சாகி, மறுபடி மறுபடி பதிப்பு கண்டது.

சொத்து விஷயத்தில் லூத்தர் சொன்னது சரி, செய்தது கொஞ்சம் கோணல். 1542இல் வக்கீல்களை ஒதுக்கிவிட்டுத் தானே உயில் எழுதினார். அது சட்ட முறைப்படி இல்லாததால் அவர் மறைந்தபின் மனைவி கத்தரீனாவுக்குச் சிக்கலாகி, இளவரசரே தலையிட வேண்டியிருந்தது. ஆகவே பத்திரத்தைப் பதிவு செய்துவிடுங்கள் என்பது என் சொந்தச் சேர்க்கை.

இரண்டாவது பத்தி, மன்னிப்பு. நமக்குத் தீங்கு செய்தவர்களை மன்னிக்க வேண்டும், நாம் தீங்கு செய்தவர்களிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். எழுத ஒரு வரிதான். பங்காளித் தகராறில் பேச்சை முறித்துக்கொண்ட அண்ணனும் தம்பியும் ஒரே கோயிலில் ஆளுக்கொரு ஓரமாக உட்கார்ந்து, முகத்தைப் பார்க்காமலே நற்கருணை வாங்கிப் போவதை நம் ஊர்களில் யார்தான் பார்க்கவில்லை? இயேசு சொல்லிக்கொடுத்த ஜெபம் இந்த இடத்தில் தப்பிக்க வழி விடாது. மற்றவரை நாங்கள் மன்னிப்பது போல எங்களை மன்னியும் என்ற பொருளில்தான் அதைத் தினமும் கேட்கிறோம். கிறிஸ்தவ ஆயத்தத்தில் ஆன்மிகம் எங்கே வருகிறது என்று நீங்கள் கேட்டால், இந்த இடத்திலேயே வந்துவிட்டது என்பேன். பகையை மூட்டை கட்டி வைத்துக்கொண்டு நித்தியத்தைப் பற்றிப் பேசுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

மூன்றாவதாகத்தான் கடவுள் பக்கம் திரும்பச் சொல்கிறார். சாவின் வாசல் இடுக்கமானது. பிள்ளை தாய் வயிற்றின் நெருக்கடியைக் கடந்துதான் பரந்த உலகத்துக்கு வருகிறது, இதுவும் அப்படித்தான் என்பது அவர் தரும் ஒப்புமை.

நூலின் உயிர்நாடி அதற்குப் பிறகு வருகிறது. சாகிறவன் கண் முன்னால் மூன்று உருவங்கள் வந்து நிற்குமாம்: சாவு, பாவம், நரகம். அவற்றை உற்றுப் பார்க்கப் பார்க்கப் பெரிதாகும். சாவைப் பற்றி நினைக்க வேண்டிய காலம் நல்ல சுகத்தோடு இருக்கும் காலம்; அது தூரத்தில் இருக்கும்போதே வரவழைத்துப் பார்த்துப் பழகிக்கொள்ள வேண்டும். கட்டிலில் கிடக்கும்போது அதைப் பார்க்கக் கூடாது, சிலுவையில் அதே மூன்றையும் சந்தித்து வென்ற கிறிஸ்துவை மட்டும் பார்க்க வேண்டும். நாம் செய்வது நேர்தலைகீழ். சுகமாக இருக்கும்போது யாராவது சாவுப் பேச்சை எடுத்தால், வாயைக் கழுவு என்கிறோம். படுக்கையில் விழுந்த பிறகோ வேறு நினைப்பே வருவதில்லை.

லூத்தருக்கு முன்பும் இப்படி நூல்கள் இருந்தன. கொள்ளைநோயில் குருக்களும் சேர்ந்து மடிந்த ஐரோப்பாவில், கட்டிலருகே உட்காரும் சாதாரண ஆட்களுக்கும் உதவும்படி 15ஆம் நூற்றாண்டில் ‘ஆர்ஸ் மொரியெண்டி’ என்ற கையேடு பரவியது. ‘இறக்கும் கலை’ என்று சொல்லலாம். அதன் சின்னப் பதிப்பில் பதினோரு மரச்செதுக்குப் படங்கள். அவநம்பிக்கை, மனமுறிவு, பொறுமையின்மை, வீண்பெருமை, பேராசை என்ற ஐந்து சோதனைகள், ஒவ்வொன்றுக்கும் தேவதூதர் தரும் தேறுதல், கடைசியில் மரணம். பேராசைப் படத்தில் பேய் ஒன்று நோயாளிக்கு அவருடைய வீட்டையும் திராட்சை மதுப் பீப்பாய்களையும் குதிரையையும் காட்டிக்கொண்டிருக்கும். எனக்குப் பிடித்தது பொறுமையின்மைப் படம். நோயாளி போர்வைக்குள்ளிருந்து காலை நீட்டிப் பக்கத்தில் நிற்பவரை உதைக்கிறார். மேசை கவிழ்ந்து கிடக்கிறது. படுத்த படுக்கையானவரைப் பார்த்துக்கொண்டவர்களுக்கு இந்தப் படத்தை விளக்க வேண்டியதில்லை. பக்திமானும் கஞ்சிக் கிண்ணத்தைத் தட்டிவிடுவார்.

சாவை முன்கூட்டியே பழகுவதற்குக் கத்தோலிக்கரிடம் எளிய வழி ஒன்று உண்டு. 53 மணி ஜெபமாலையில், இப்போதும் எங்கள் சாவு வேளையிலும் எங்களுக்காக வேண்டிக்கொள்ளும் என்று மாதாவிடம் 53 தடவை கேட்கிறார்கள். சாயங்காலம் ரசத்தைக் கொதிக்க வைத்துவிட்டு மணி உருட்டும் பாட்டி, தன் கடைசி நேரத்தைப் பற்றி ஒரு நாளைக்கு 53 தடவை பேசிவிடுகிறார், பயமில்லாமல். நன்மரணத்துக்கு இயேசுவின் வளர்ப்புத் தந்தை சூசையப்பரை வேண்டுவதும் இதோடு சேர்ந்தது. இயேசுவும் மரியாளும் பக்கத்தில் இருக்க அவர் உயிர் பிரிந்தது என்பது மரபு. வீரமாமுனிவரின் ‘தேம்பாவணி’க்கு நாயகரும் அவர்தான்.

நித்தியம் என்றதும் உடம்பை உதறிவிட்டு ஆன்மா பறந்துபோவதாகப் பலர் நினைக்கிறார்கள். கிறிஸ்தவர்கள் அறிக்கையிடுவது உடலின் உயிர்த்தெழுதலை. மறுபிறவி கிடையாது, ஒரு வாழ்வு, பிறகு தீர்ப்பு. ஆனால் நித்திய வாழ்வு சாவுக்குப் பிறகு தொடங்குவதில்லை. ஞானஸ்நானத்திலேயே ஒருவர் கிறிஸ்துவோடு இறந்து அடக்கமாகிவிட்டார் என்கிறார் பவுல். அதனால்தான் கத்தோலிக்க அடக்கத்தில் பெட்டியின் மேல் தீர்த்தம் தெளிப்பார்கள், ஞானஸ்நானத்தின் நினைவாக. இறந்தவர்களுக்காக ஜெபிக்கலாமா என்பதில் கத்தோலிக்கருக்கும் சீர்திருத்தச் சபையாருக்கும் ஒத்துப்போகாது. அது இன்னொரு டீக்கு.

கடைசியாக, வீடுகளில் அடிக்கடி நடக்கும் ஒரு தவறு. நோயில்பூசுதல் என்ற அருளடையாளத்தை லூத்தர் 1519 நூலில் வைத்திருந்தார். மறுவருஷம் அது அருளடையாளம் அல்ல என்று எழுதிவிட்டார். கத்தோலிக்கர் இன்றும் பெறுகிறார்கள். நெற்றியிலும் உள்ளங்கைகளிலும் எண்ணெய் பூசி ஜெபிப்பது. சாமியார் வந்தால் பெரியவர் தன் கதை முடிந்தது என்று பயந்துவிடுவார் என நினைத்துப் பிள்ளைகள் நாளைக் கடத்துவார்கள். சாகிறவருக்கு மட்டுமானதல்ல அது என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இலேயே தெளிவாகச் சொல்லிவிட்டது. பெரிய ஆபரேஷனுக்கு முன்பும் பெறலாம், தேறி மறுபடி நோயில் விழுந்தால் மறுபடியும் பெறலாம். மரணத் தறுவாயில் இருப்பவருக்கு உரியது நற்கருணை, அதை வழியுணவாகத் தருவார்கள். விழுங்க முடியாதவருக்குச் சின்னத் துணுக்கு, ஒரு வாய்த் தண்ணீரோடு. நினைவு தப்பியவருக்கும் எண்ணெய் பூசுவார்கள். உயிர் போய்விட்டது என்று உறுதியாகத் தெரிந்தபின் பூசமாட்டார்கள், ஜெபம் மட்டும் சொல்வார்கள். ஆகவே பெரியவர் பேசும் நிலையில் இருக்கும்போதே பங்குச் சாமியாருக்குப் போன் போடுங்கள். பாவசங்கீர்த்தனம் செய்ய அவருக்கு விருப்பம் இருந்தால், அதற்கு வாயும் நினைவும் வேண்டும்.