சாய்க்க ஒரு குச்சி, தூக்க ஒரு கயிறு

தீபாவளி நெருங்கினால் திரைச்சீலைக் கடைகளில் கூட்டம் கூடிவிடும். முன்பு பூப்போட்ட துணி கேட்டவர்கள் இப்போது ‘பிளைண்ட்ஸ்’ கேட்கிறார்கள். நிறம் என்ன, எத்தனை வெள்ளி, எப்போது வந்து மாட்டுவீர்கள் என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. எப்படிச் சாய்ப்பது, எப்படித் தூக்குவது, கயிறு எங்கே தொங்கும் என்று கேட்பவர்கள் குறைவு. சிறு பிள்ளை உள்ள வீட்டில் முதலில் கேட்க வேண்டியதே அந்தக் கயிற்றைப் பற்றித்தான். அதை விளக்க எங்கள் ஊர்க் கடைத்தெருவே நல்ல பாடம்.

மாடியில் கயிறில்லாச் சன்னல்

ஈப்போவிலிருந்து தெற்கே ஏறக்குறைய 20 கிலோமீட்டரில் இருக்கிறது கோப்பெங். ஈயத்தால் செழித்த ஊர். குவா தெம்புருங் குகையைப் பார்க்க வருகிறவர்கள் பழைய கடைத்தெருவில் ஒரு காப்பி குடித்துவிட்டுப் போவார்கள். அடுத்த முறை வரும்போது தலையை உயர்த்தி மாடிச் சன்னல்களையும் பாருங்கள். மரச் சட்டத்துக்குள் மெல்லிய பலகைகள் படிப்படியாகச் சாய்ந்து நிற்கும். ஒவ்வொரு பலகையின் வெளி ஓரம் தாழ்ந்தும் உள் ஓரம் உயர்ந்தும் இருக்கும்.

இந்தச் சாய்வு ஒரே நேரத்தில் நான்கு வேலை செய்கிறது. மழை பலகைமேல் வழிந்து வெளியே போய்விடும். மேலிருந்து இறங்கும் வெயில் தடுக்கப்படும். காற்று இடைவெளி வழியாக உள்ளே வரும். மாடியில் இருப்பவர் கீழே தெருவில் யார் வருகிறார் என்று பார்க்கலாம். தெருவில் நிற்பவருக்கு மேலே இருட்டுதான் தெரியும். வெளிச்சமான இடத்திலிருந்து இருட்டுக்குள் பார்க்கக் கண்ணுக்கு எளிதில் முடியாது. இத்தகைய சன்னலுக்குப் பிரெஞ்சுக்காரர்கள் வைத்த பெயர் ‘ஜலூசி’. பொறாமை என்று பொருள். உள்ளே இருப்பவரை வெளியார் பார்க்கக் கூடாது என்ற எண்ணம் அந்தப் பெயரிலேயே இருக்கிறது.

சில சன்னல்களில் பலகைகள் அசையாதவை. அசையும் வகையில், ஒவ்வொரு பலகையின் இரு முனையும் சட்டத்திலுள்ள துளையில் சுழலும். நடுவில் செங்குத்தாக ஒரு குச்சி எல்லாப் பலகைகளோடும் சிறு கம்பி வளையங்களால் இணைக்கப்பட்டிருக்கும். குச்சியை மேலே தள்ளினால் எல்லாம் ஒரு பக்கம் சாயும். கீழே இழுத்தால் மறுபக்கம் சாயும். விட்ட இடத்தில் உராய்வே பிடித்து நிறுத்தும். கயிறு என்ற பேச்சே இல்லை.

நான் வளர்ந்த தோட்டத்து லயத்தில் இருந்தவை ஒற்றைப் பலகைக் கதவுச் சன்னல்கள். திறந்தால் வெயில் முழுவதும் உள்ளே வரும், மூடினால் பகலிலும் விளக்கு வேண்டும். இரண்டுக்கும் நடுவில் ஒரு நிலை வேண்டும் என்பதற்காகத்தான் சாய்பலகைகள் வந்தன.

அஞ்சடியில் மூங்கில் தட்டி

இப்போது தலையைத் தாழ்த்தி அஞ்சடிக்கு வாருங்கள். கடைகளுக்கு முன்னால் தொடர்ச்சியாக நடைபாதை வேண்டும் என்பது 1822இல் ராஃபிள்ஸ் சிங்கப்பூருக்கு வகுத்த நகரத் திட்டத்தில் வந்த விதி. அந்த வழக்கம் மலாயா நகரங்களுக்கும் பரவியது. அஞ்சடித் தூண்களுக்கிடையே வெயிலுக்கும் சாரலுக்கும் மூங்கில் தட்டி தொங்கும். மலாய்க்காரர்கள் இதை ‘பிடாய்’ என்பார்கள். கடைப் பெயரையும் விளம்பரத்தையும் அதன்மேலேயே எழுதிவிடுவதும் உண்டு.

இதைச் சுருட்டும் முறை எளிமையானது. கயிற்றின் ஒரு முனை தட்டிக்குப் பின்னால் மேலே கட்டப்பட்டிருக்கும். அது கீழே இறங்கி, தட்டியின் அடியைச் சுற்றி, முன்பக்கமாக மேலே ஏறி, கப்பி வழியாகக் கைக்கு வரும். இழுக்கும்போது சுருள் தானே ஒரு நகரும் கப்பிபோல் வேலை செய்யும். தட்டியின் எடையில் பாதி விசை கொடுத்தால் போதும். அதற்கு ஈடாக இரண்டு மடங்கு நீளம் இழுக்க வேண்டும். தட்டி 2 மீட்டர் ஏற, 4 மீட்டர் கயிறு கைக்கு வரும். மிஞ்சிய கயிற்றைக் கடைக்காரர் தூணில் உயரமாகச் சுற்றி வைப்பார்.

பாடம் இங்கேதான் இருக்கிறது. பலகையைச் சாய்க்கக் கொஞ்சம் விசை போதும். ஒரு குச்சியால் முடியும். மொத்தத்தையும் மேலே தூக்க வேண்டும் என்றால்தான் நீளக் கயிறு வருகிறது.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது?

இன்று நாம் மாட்டும் ‘வெனிஷியன்’ பிளைண்ட்ஸ் இந்த இரண்டு வேலைகளையும் ஒன்றாகச் சேர்த்தது. 1769இல் எட்வர்ட் பெவன் என்பவர் லண்டனில் இதற்குக் காப்புரிமை பெற்றார். பட்டிகளைச் சாய்க்கும் அமைப்பை மேம்படுத்தி 1841இல் அமெரிக்காவில் ஜான் ஹாம்ப்சன் காப்புரிமை பெற்றார். மெல்லிய அலுமினியப் பட்டிகள் 1940களில் பரவலாயின.

மேலே உள்ள பெட்டியைத் திறந்தால் ஒரு நீளத் தண்டு தெரியும். அதில் சிறு உருளைகள். ஒவ்வோர் உருளையிலிருந்தும் நூலேணி ஒன்று தொங்கும். அதன் படிகளில்தான் பட்டிகள் படுத்திருக்கின்றன. தண்டு சுழன்றால் ஏணியின் முன்நூல் ஏறும், பின்நூல் இறங்கும். எல்லாப் பட்டியும் ஒரே அளவு சாயும். கையால் திருகும் குச்சி, திருகுபோன்ற ஒரு பல்சக்கரத்தை ஓட்டுகிறது. குச்சியால் பட்டியைச் சாய்க்கலாம். பட்டியின் எடையால் குச்சியைத் திருப்ப முடியாது. அதனால் விட்ட நிலையில் நிற்கிறது.

தூக்கும் கயிறு வேறு. பட்டிகளின் துளை வழியாக இறங்கி அடிச் சட்டத்தில் முடியும். மறுமுனை பெட்டியிலுள்ள பூட்டு வழியாக வெளியே வந்து தொங்கும். பிளைண்ட்ஸை உயர்த்த உயர்த்த, தொங்கும் கயிறு நீண்டு தரையை நோக்கி வரும்.

கயிறு எமனாகும் இடம்

நம் தாமான் வீடுகளில் சன்னலுக்கு உட்புறம் இரும்புக் கிரில் இருக்கும். அதற்கும் உள்ளே பிளைண்ட்ஸ். கீழே சோபா அல்லது கட்டில். சிறுபிள்ளைக்கு இவை எல்லாம் ஏணிப்படிகள். என் தங்கை மகன் இரண்டரை வயதில் சோபாவில் ஏறி, கயிற்று வளையத்தை மாலைபோல் கழுத்தில் போட்டுக்கொண்டு சிரித்தான். பாட்டி பக்கத்திலேயே உட்கார்ந்திருந்ததால் உடனே எடுத்துவிட்டார். அவன் அந்தச் சோபாவிலிருந்து கீழே குதித்திருந்தால் என்று நினைக்கவே முடியவில்லை.

கழுத்து இறுகினால் பிள்ளையால் கத்த முடியாது. பக்கத்து அறையில் இருப்பவருக்கும் சத்தம் கேட்காது. சில நிமிடங்களுக்குள் உயிர் போய்விடும். அமெரிக்காவில் 5 வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் ஆண்டுக்குச் சராசரியாக 9 பேர் இப்படி இறக்கிறார்கள் என்று அந்நாட்டு நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் சொல்கிறது. 2009 டிசம்பரில் 50 மில்லியனுக்கும் மேற்பட்ட ரோமன் பிளைண்ட்ஸும் சுருட்டும் பிளைண்ட்ஸும் அங்கே திரும்பப் பெறப்பட்டன. சுருட்டும் வகையில் ஆபத்து எது தெரியுமா? அடியைச் சுற்றி வரும் கயிறு பக்கவாட்டில் நழுவி வளையமாகிவிடுவது. நம் அஞ்சடித் தட்டியின் அதே அமைப்புதான். தெருவில் உயரத்தில் கட்டியபோது தொல்லை இல்லை. படுக்கையறைக்குள் வந்தபோது ஆபத்தாயிற்று.

2018 டிசம்பர் முதல், ஆயத்தமாக விற்கும் பிளைண்ட்ஸில் கை எட்டும் கயிறு தொங்கக் கூடாது என்ற தரவிதி அமெரிக்காவில் நடப்புக்கு வந்தது. கனடாவில் 2022 மே முதல், எட்டக்கூடிய கயிறு 22 சென்டிமீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது.

கடையில் என்ன கேட்கலாம்?

‘கயிறில்லாத வகை இருக்கிறதா?’ என்று கேளுங்கள். இதில் பெட்டிக்குள் உள்ள சுருள்வில் எடையைத் தாங்கும். அடிச் சட்டத்தைக் கையால் தூக்கினாலோ இழுத்தாலோ போதும். புதிய கண்டுபிடிப்பு என்று யாராவது சொன்னால், சுருள்வில் உருளைத் திரைக்கு ஸ்டூவர்ட் ஹார்ட்ஷார்ன் 1864இலேயே காப்புரிமை பெற்றுவிட்டார் என்று சொல்லுங்கள். இப்போது பலரும் விரும்பும் ‘ஸீப்ரா’ வகையில் மணிச்சங்கிலி முடிவில்லாத வளையமாகத் தொங்கும். அதை வாங்கினால், சங்கிலியை இறுக்கிப் பிடிக்கும் பிடியைச் சுவரில் திருகாணி போட்டு மாட்டாமல் ஆளை அனுப்பாதீர்கள்.

ஏற்கெனவே கயிறு உள்ள வீட்டில், சோபாவையும் கட்டிலையும் இன்றே சன்னலிலிருந்து நகர்த்துங்கள். சுவரில் குறைந்தது 1.5 மீட்டர் உயரத்தில் ஒரு கொக்கி அடித்து, ஒவ்வொரு முறையும் கயிற்றை அதில் சுற்றிவிடுங்கள். கீழே பிள்ளை ஏறக்கூடிய பொருள் எதுவும் வேண்டாம். பிள்ளைகள் தூங்கும் அறையில் மட்டுமாவது கயிறில்லாத வகைக்கு மாறிவிடுங்கள்.

எப்படிச் சாய்ப்பது?

நாம் நிலநடுக்கோட்டுக்கு 5 பாகைகூடத் தள்ளி இல்லை. நண்பகல் வெயில் கூரையில்தான் விழும். சன்னலைத் தாக்குவது காலையில் கிழக்கிலும் மாலையில் மேற்கிலும் வரும் சாய்வெயில். மாலை நான்கு மணிக்கு மாடிச் சன்னல்போல் வெளி ஓரத்தைத் தாழ்த்தி வையுங்கள். வெயில் தடுபடும், வெளிச்சம் தரையில் பட்டு உட்கூரைக்கு ஏறும். சூரியன் இறங்க இறங்க இன்னும் மூடுங்கள். இரவில் விளக்கு போட்டதும் கணக்கு மாறிவிடும். இருட்டில் நிற்பவருக்கு வெளிச்சமான அறை தெரியும். மாடி அறை என்றால் அப்போது வெளி ஓரத்தை உயர்த்திவிடுங்கள். தெருவிலிருந்து மேலே பார்ப்பவர் கண்ணுக்குப் பட்டிகளே தடை.

கண்ணாடியைத் தாண்டிவிட்ட வெயிலின் சூடு பெரும்பாலும் அறைக்குள்ளேயே தங்கிவிடும் என்பதையும் மறக்க வேண்டாம். மேற்குப் பார்த்த வீட்டுக்காரர்கள் வாகன நிறுத்துமிடத்தின் வெளிப்புறத்தில் ஒரு மூங்கில் தட்டி தொங்கவிட்டால், அறை சூடாவது குறையும். கயிற்றை மட்டும் நம் கடைக்காரர்கள் செய்ததுபோல் உயரமாகக் கட்டிவிடுங்கள்.