வன்னீர்க் கறையும் அதனை நீக்கும் நெறியும்

கறையெனக் கண்ணுக்குத் தோன்றுவன யாவும் அழுக்கல்ல. அழுக்குப் புறத்தேயிருந்து வந்து ஒட்டுவது. சவர்க்காரமிட்டுத் தேய்த்தால் அகல்வது. குளியலறைத் திரையின் கீழோரத்தில் வெண்சாம்பல் நிறமாய்ச் சொரசொரப்புடன் படிந்திருப்பதோ எத்துணை தேய்ப்பினும் அகல்வதில்லை. அது கல்லாதலே காரணமாம். இதனை அறியாதார் முரட்டுத் தூரிகையால் தேய்த்துத் திரையைப் பாழாக்குவர். அறிந்தாரோ கல்லைக் கரைக்கும் வழியை நாடுவர்.

திரையிற் கல் எங்ஙனம் வந்தது? யாழ்ப்பாணக் குடாநாட்டை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். வற்றாத ஆறு எதுவுமில்லாத இந்நிலப்பரப்பில் மக்கள் நெடுங்காலமாகக் கிணற்று நீரையே நம்பி வாழ்ந்து வந்துள்ளனர். நிலத்தின் அடியிலுள்ளது மயோசீன் காலத்துச் சுண்ணாம்புக்கல். மழைநீர் வளியிலும் மண்ணிலுமுள்ள காபனீரொட்சைட்டைக் கவர்ந்து மென்மையானதோர் அமிலமாகிக் கீழிறங்குகின்றது. தூய நீரில் மிக அரிதாகவே கரையும் கல்சியங் காபனேற்று, இவ்வமில நீரிற் கல்சியம் இருகாபனேற்றாக மாறிக் கரைந்துவிடுகின்றது. நவக்கிரியிலுள்ள நிலாவரை, சுண்ணாம்புக்கல் இவ்வாறு கரைந்தமையால் உண்டான ஆழ்ந்த நீர்நிலையாகும். பாறையைக் குடையும் அந்நீரே, கரைந்த கல்லைத் தன்னுள் மறைத்துக்கொண்டு வீட்டுக் கிணற்றுக்கும் வருகின்றது.

நீரின் வன்மையை, ஓர் இலீற்றர் நீரில் எத்தனை மில்லிகிராம் கல்சியங் காபனேற்றுக்கு ஒப்பான உப்புக்கள் உள்ளன என்று கணக்கிடுவர். இவ்வளவு 180 மில்லிகிராமிற்கு மேற்பட்டால் அந்நீர் மிக வன்மையானதெனப்படும். இத்தகைய நீர்த்துளி திரையில் தங்கி உலரும்போது காபனீரொட்சைட்டு வளியிற் கலந்துவிட, கல்சியங் காபனேற்று மீண்டும் கல்லாய் எஞ்சுகின்றது. நிலத்தின் கீழ் நிகழ்ந்த மாற்றம் குளியலறையில் எதிர்த்திசையில் நிகழ்கின்றது.

இதனோடு வேறொரு படிவும் சேர்கின்றது. சவர்க்காரம் கொழுப்பமிலங்களின் சோடியம் உப்பாகும். வன்னீரிலுள்ள கல்சியம் அதனுடன் கூடியவுடன், நீரிற் கரையாத, பிசுபிசுப்பான வெண்டிரள் தோன்றுகின்றது. இது கற்படிவோடு கலந்து இறுகுவதோடு, ஈரத்தையும் தாங்கிநின்று கரும்பூஞ்சணம் வளர இடந்தருகின்றது.

ஆகவே நீக்கும் முறை இருபடிகளைக் கொண்டது. முதலாவது, அமிலம். வினாகிரியிலுள்ள அசற்றிக்கமிலமும் தேசிக்காய்ச் சாற்றிலுள்ள சித்திரிக்கமிலமும் கற்படிவைக் கரைக்கவல்லன. நூற்றுக்கு 5 பங்கு அமிலமுள்ள வினாகிரியில் ஏறக்குறைய 24 மில்லிலீற்றர் 1 கிராம் கல்லைக் கரைக்கப் போதுமானது. உலோகக் கொளுவிகளைக் கழற்றிவிட்டு, கறைபடிந்த பகுதியை வினாகிரியும் இளஞ்சூட்டு நீரும் சமமாகக் கலந்த கலவையில் ஒருமணி நேரம் ஊறவிடல் வேண்டும். சிறு குமிழிகள் எழுதல் கல் கரைவதற்கு அடையாளம். கொதிநீர் பிளாஸ்ரிக்குத் திரையைச் சுருக்கிவிடும். அதனைத் தவிர்த்தல் நன்று.

இரண்டாவது, காரம். அமிலம் சவர்க்காரத் திரளைச் சிதைத்துக் கொழுப்பமிலத்தைப் பிரித்துவிடும். அக்கொழுப்பு நீரால் மட்டும் போகாது. எனவே திரையை நன்கு அலசியபின், சலவைச் சோடா கரைத்த இளஞ்சூட்டு நீரில் மென்துணியால் துடைத்துக் கழுவுதல் வேண்டும். வினாகிரியையும் சோடாவையும் ஒருங்கே கலந்து பயன்படுத்துவோர் பலர். கலவை நுரைத்துப் பொங்குவதைக் கண்டு அதன் ஆற்றலை வியப்பர். உண்மையில் அமிலமும் காரமும் ஒன்றையொன்று அழித்துக்கொள்வதே அந்நுரை. கறைக்கு எஞ்சுவது சிறிதே.

ஈண்டு உயிரோடு தொடர்புடைய எச்சரிக்கையொன்று உண்டு. பூஞ்சணத்தைப் போக்க வெளிற்றும் தூளையோ வெளிற்றும் நீரையோ பயன்படுத்துவோர், அதனை வினாகிரி முதலிய எவ்வமிலத்துடனும் ஒருபோதும் சேர்த்தலாகாது. சேர்ப்பின் குளோரீன் வாயு வெளிப்படும். 1915 ஆம் ஆண்டு ஈப்பர் போர்க்களத்திற் படைவீரரை மூச்சடைக்கச் செய்து கொன்ற வாயு இதுவே. கதவடைத்த சிறு குளியலறையில் அதன் சிற்றளவும் நுரையீரலைத் தாக்கவல்லது. இரண்டையும் வெவ்வேறு நாட்களிற் பயன்படுத்துதலே தக்கது.

கறையை நீக்குதலினும் வராமற் காத்தல் எளிது. நீர் உலர்வதாலேயே கல் படிகின்றதாதலின், குளித்தபின் திரையை உதறி, மடிப்பின்றி விரித்துவிடின் துளிகள் வழிந்துவிடும். உலர்வதற்கு எஞ்சுவது குறையும். கல்சியத்தோடு திரளாத செயற்கை அழுக்ககற்றிகளைச் சவர்க்காரத்திற்கு மாற்றாகக் கொள்ளலாம். இறுதி அலசலுக்குச் சேமித்த மழைநீர் மிகச் சிறந்தது. கல்லைத் தொடாத நீரில் கரைந்த கல் இல்லையன்றோ?

இயற்கை மென்மையான அமிலத்தாற் பாறையைக் கரைத்தது. வினாகிரியும் தேசிக்காயும் கொண்டு மனிதன் செய்வதும் அதுவே. கைவலிமை பயன்படாத இடத்திற் பொருளின் தன்மையறிந்த சிறு முயற்சி பயன்படுமென்பதற்கு இவ்வெளிய வீட்டுப்பணி தக்கதொரு சான்றாகும்.