டாப்பட் சத்தமா, வேறு கோளாறா?

பழைய பிக்கப் வண்டியின் எஞ்சினில் ‘டிக் டிக்’ என்று சத்தம் கேட்டால் ‘டாப்பட்’ (வால்வைத் தள்ளித் திறக்கும் பாகம்) என்று சொல்லிவிடுவது வழக்கம். பல சமயம் அது சரியாகவே இருக்கும். ஆனால் ஆயில் குறைவு, மேனிஃபோல்டு பேக்கிங் கசிவு, இன்ஜெக்டர் கோளாறு, பேரிங் தேய்மானம் ஆகியவையும் ஏறக்குறைய இதே சத்தத்தைக் கொடுக்கும். எஞ்சினைப் பிரிப்பதற்கு முன் சத்தம் எப்போது வருகிறது, எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால் பாதி வேலை முடிந்துவிடும்.

முதலில் பார்க்க வேண்டியது ஆயில். வண்டியைச் சமதரையில் நிறுத்தி, எஞ்சினை அணைத்துச் சில நிமிடம் கழித்து டிப்ஸ்டிக்கை எடுக்க வேண்டும். அளவு குறைந்தாலும் ஆயில் கெட்டுப்போனாலும் எஞ்சினின் தலைப்பகுதிக்குப் போதிய எண்ணெய் ஏறாது. அங்கிருந்துதான் டிக் டிக் தொடங்கும். நெய்வேலியில் திறந்தவெளிச் சுரங்கத்து மண்ணும் அனல்மின் நிலையச் சாம்பலும் கலந்த புழுதியில் ஓடும் வண்டிகளுக்கு ஏர் ஃபில்டரும் ஆயிலும் சீக்கிரம் கெடும். ஏர் ஃபில்டர் குழாயில் விரிசல் இருந்தால் புழுதி நேரே எஞ்சினுக்குள் போய்த் தேய்மானத்தைக் கூட்டும்.

அடுத்தது சத்தத்தின் வேகம். நான்கு வீச்சு எஞ்சினில் கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் ஒரு வால்வு ஒரு முறைதான் திறக்கும். ஐடிலிங்கில் எஞ்சின் நிமிடத்துக்கு 800 சுற்று ஓடினால், டாப்பட் இடைவெளி கூடிய ஒரு வால்வு 400 முறை தட்டும். நொடிக்கு ஏறக்குறைய ஏழு. ரேஸ் கொடுத்தால் தட்டலும் அதே விகிதத்தில் வேகமாகும்.

சத்தம் வரும் நேரமும் துப்புத் தரும். காலையில் குளிர்ந்த எஞ்சினில் கேட்டு, சூடேறியதும் மறைந்தால் மேனிஃபோல்டு கசிவாக இருக்கலாம். சூட்டில் இரும்பு விரிந்து இடைவெளியை அடைத்துவிடுகிறது. இணைப்பைச் சுற்றிக் கரி படிந்திருந்தால் சந்தேகம் வலுக்கும். பலாவோ முந்திரியோ ஏற்றி மேடு ஏறும்போது ‘டொக் டொக்’ என்று கனத்து ஒலித்தால் கனெக்டிங் ராடு பேரிங்கைச் சந்தேகிக்க வேண்டும். அந்த நிலையில் வண்டியை ஓட்டவே கூடாது.

இடத்தைக் கண்டுபிடிக்க மெக்கானிக்குகள் நீண்ட திருப்புளியை ஸ்டெதஸ்கோப் போலப் பயன்படுத்துவார்கள். நுனியை ஹெட் கவரிலும், இன்ஜெக்டர் அருகிலும், பிளாக்கின் கீழ்ப்பகுதியிலும் மாற்றி மாற்றி வைத்து, கைப்பிடியைக் காதோரம் ஒட்டிக் கேட்பார்கள். உரத்து ஒலிக்கும் இடமே தேடும் இடம். ஃபேன் அருகில் லுங்கி நுனியோ தோள் துண்டோ தொங்கக் கூடாது.

பழைய பம்ப் வகை டீசல் எஞ்சினில் இன்ஜெக்டர் பைப் நட்டுகளை ஒவ்வொன்றாகத் தளர்த்துவார்கள். எதைத் தளர்த்தும்போது சத்தம் குறைகிறதோ, அந்தச் சிலிண்டரில்தான் கோளாறு. காமன் ரெயில் எஞ்சினில் இதைச் செய்யவே கூடாது. அங்கே டீசல் 1000 பாருக்கு மேற்பட்ட அழுத்தத்தில் பாயும். தோலைத் துளைத்து உள்ளே போய்விடும்.

எல்லாம் பார்த்தபின் டாப்பட்தான் என்று உறுதியானால், ஹெட் கவரைக் கழற்றி ஃபீலர் கேஜால் இடைவெளியை அளக்க வேண்டும். பல டீசல் எஞ்சின்களில் அது 0.2 முதல் 0.4 மி.மீ. வரை, எழுதும் தாள் இரண்டு முதல் நான்கு வரை அடுக்கிய கனம். சரியான அளவும், குளிர்ந்த நிலையிலா சூட்டிலா அளப்பது என்பதும் அந்தந்த வண்டியின் கையேட்டில் இருக்கும். கேஜின் தகடு லேசான பிடிப்போடு நகர வேண்டும். சில எஞ்சின்களில் திருகைத் திருப்பி இடைவெளியைச் சரிசெய்யலாம். சிலவற்றில் ஷிம் என்ற மெல்லிய தகட்டை மாற்ற வேண்டும். ஹைட்ராலிக் டாப்பட்டில் அளவு வைக்கும் வேலையே இல்லை. ஆயில் சரியாக இருந்தும் சத்தம் நிற்காவிட்டால் டாப்பட்டையே மாற்ற வேண்டும்.

சத்தத்தை ஒழிக்க வேண்டும் என்று இடைவெளியை அளவுக்கு மீறி இறுக்குவது பெரிய தவறு. அப்போது வால்வு முழுதாக மூடாது. அதன் சூடு வால்வு உட்காரும் இருக்கைக்கு இறங்காமல் விளிம்பு கருகும், கம்ப்ரஷன் போகும். தளர்ந்த டாப்பட் சத்தம் போட்டு எச்சரிக்கும். இறுகிய டாப்பட் சத்தமில்லாமல் வால்வைத் தின்றுவிடும்.