காற்றுக் குழாய்க்குள் எண்ணெய் எப்படி வந்தது?

நெய்வேலி டவுன்ஷிப்பிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். ஏர் ஃபில்டர் மாற்றப் போன இடத்தில் மெக்கானிக் காற்றுக் குழாயைக் கழற்றிக் காட்டினாராம். உள்ளே கருப்பாக எண்ணெய்ப் படலம். 'கேட்ச் கேன்' என்று ஒரு டப்பாவை மாட்டினால் இன்ஜின் ஆயுள் கூடும், மைலேஜும் ஏறும் என்று சொல்லி, விலையையும் சொல்லிவிட்டார். வாங்கலாமா?

மைலேஜ் ஏறாது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பிஸ்டன் ரிங்குகள் எவ்வளவு இறுக்கமாக இருந்தாலும், எரியும் வாயுவில் சிறு பங்கு அவற்றைத் தாண்டி ஆயில் இருக்கும் கிராங்க்கேஸுக்குள் இறங்கத்தான் செய்யும். புது இன்ஜினிலும் இறங்கும். அளவு மீறும்போதுதான் பட்டறைகளில் 'பேக் கம்ப்ரஷன்' என்ற பெயர் அடிபடும். இறங்கும் வாயுவில் எரியாத பெட்ரோல், கரி, நீராவி எல்லாம் உண்டு. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் பிறக்கிறது என்றால் பலர் நம்புவதில்லை. பெரும்பகுதி சைலன்சர் வழியாக ஆவியாகப் போய்விடுகிறது. கொஞ்சம் கீழே வருகிறது. இதையெல்லாம் வெளியேற்றாவிட்டால் அழுத்தம் ஏறி சீல்களின் ஓரமாக ஆயில் பிதுங்கும்.

சரித்திரம் வேண்டும் என்பவர்களுக்கு ஒரே பத்தி. முன்பெல்லாம் கிராங்க்கேஸிலிருந்து ஒரு குழாயைத் தரையைப் பார்த்து விட்டுவிடுவார்கள்; பழைய லாரிகள் நின்ற இடத்தில் எண்ணெய்ப் பொட்டு விழ அதுவும் ஒரு காரணம். லாஸ் ஏஞ்சலீஸ் நகரைப் புகைமூட்டம் படுத்திய 1950களில், எரியாத எரிபொருளும் வெயிலும் சேர்ந்து செய்யும் வேலை அது என்று வேதியியலாளர் ஹாகன்-ஸ்மித் காட்டினார். கார் வெளியேற்றும் எரியாத எரிபொருளில் சுமார் 20 சதவீதம் இந்தக் குழாய் வழியாகப் போகிறது என்றும் கணக்கு வந்தது. 1961 மாடல் முதல் கலிஃபோர்னியக் கார்களில் அந்த வாயுவை மறுபடி இன்ஜினுக்கே எரிக்கக் கொடுத்தார்கள். இன்று இந்தியாவிலும் அதை வெளியே விடக்கூடாது என்பது விதி. போதும்.

எனக்குப் பிடித்தது, வாயுவை இன்ஜினுக்குத் திருப்பிவிட வைத்த பி.சி.வி. வால்வு. ஒரு சிறு கூம்பு, ஒரு ஸ்பிரிங், வேறு ஒன்றுமில்லை. ஆனால் அது தீர்க்கும் சிக்கல் சாதாரணமானதல்ல. கார் சும்மா நின்று உறுமும்போது த்ராட்டில் மூடியிருப்பதால் இன்டேக்கில் உறிஞ்சும் வேகம் மிக அதிகம். ஆனால் அப்போது கிராங்க்கேஸில் இறங்கும் வாயு குறைவு. லோடு ஏற ஏற வாயு கூடுகிறது, உறிஞ்சும் வேகமோ குறைகிறது. வேலை இருக்கும்போது ஆள் இல்லை, ஆள் இருக்கும்போது வேலை இல்லை.

கல்யாணப் பந்தியில் நெய் ஊற்றும் பெரியவரை நினைத்துக்கொள்ளுங்கள். "இன்னும், இன்னும்" என்று அடித்தொண்டையில் கத்துகிற ஆளுக்கு அவர் கரண்டி நுனியில் ஒரு சொட்டுதான் விடுவார். நிதானமாகக் கேட்கிறவருக்குத் தாராளமாக ஊற்றுவார். வால்வும் அப்படித்தான்: இன்டேக் பலமாக இழுத்தால் கூம்பு ஸ்பிரிங்கை மீறி முன்னே போய் வழியைக் குறுக்கிக்கொள்ளும், மெல்ல இழுத்தால் ஸ்பிரிங் கூம்பைப் பின்னுக்குத் தள்ளி வழியை அகலமாக்கும். இலையிலிருந்து யாராவது எதையாவது திருப்பி எறிந்தால், அதாவது இன்ஜின் 'பேக் ஃபயர்' அடித்தால், பெரியவர் பாத்திரத்தையே மூடிவிடுவார்; தீ ஆயில் பக்கம் போகாது. கூட்டம் தாங்கமுடியாமல் போனால்? சமையற்கட்டின் பின்வாசல் வழியாக நெய் வழிகிறது.

அந்தப் பின்வாசல் திறப்பது வாசகரின் குழாயில்தான். ஏர் ஃபில்டருக்கும் கிராங்க்கேஸுக்கும் நடுவே இன்னொரு ஹோஸ் உண்டு. சாதாரணமாக அது நல்ல காற்றை உள்ளே கொண்டுபோகும். ஆக்சிலரேட்டரை முழுக்க மிதிக்கும்போது வால்வை இழுக்க ஆளில்லை; வாயு இதே ஹோஸில் எதிர்த்திசையில் வந்து ஏர் குழாயில் சேர்கிறது. கூடவே எண்ணெய்த் துளிகள். ஆகவே லேசான படலம் நோயல்ல. குட்டையாகத் தேங்கினால்தான் கேள்வி.

ஏர் ஃபில்டர் அடைத்திருந்தால் அதற்குப் பின்னால் உறிஞ்சும் வேகம் கூடி, இந்த ஹோஸ் வழியாக எண்ணெய் அதிகம் இழுபடும். சுரங்கத் தூசியும் சாம்பலும் பறக்கும் ஊரில் கம்பெனி புத்தகம் சொல்லும் கிலோமீட்டர் வரை ஃபில்டரை விட்டுவைப்பது புத்திசாலித்தனமல்ல. பிளாக்கிலிருந்து மெயின் பஜார், அங்கிருந்து ஆர்ச் கேட் என்று குட்டிக்குட்டி ஓட்டமாக ஓடும் காரில் ஆயில் சூடேறுவதற்குள் இன்ஜினை நிறுத்திவிடுகிறோம். தண்ணீர் ஆவியாகாமல் தங்கி, ஆயில் மூடியின் அடியில் வெளுத்த பசையாக ஒட்டும். எப்போதாவது கடலூர் வரை ஓட்டிவிட்டு வந்தாலே பாதி சரியாகும்.

இனி அந்த டப்பா. வாயு வரும் ஹோஸின் நடுவே மாட்டி, எண்ணெய்த் துளிகளைப் பிடிப்பதுதான் அதன் வேலை. வாயு திரும்பும் வளைவில் பெரிய துளிகள் திரும்பமுடியாமல் தகட்டில் மோதி வடியும். இன்ஜினுக்கு மேலே உள்ள கவருக்குள் இதற்கான தடுப்புத் தகடுகள் ஏற்கெனவே உண்டு. ஒரு மைக்ரானுக்கும் சிறிய துளிகள் வாயுவோடு வளைந்து தப்பிவிடும். சந்தையில் கிடைக்கும் மலிவு டப்பாக்கள் பலவற்றில் தகடும் இல்லை, வலையும் இல்லை. இரண்டு ஓட்டை மட்டும். இவை பிடிப்பதை இன்ஜினின் கவரே பிடித்திருக்கும்.

யாருக்கு அர்த்தமுண்டு? பெட்ரோலை நேராக சிலிண்டருக்குள் பீய்ச்சும் டர்போ கார்களுக்கு. மற்ற கார்களில் இன்டேக் வால்வின் முதுகைப் பெட்ரோலே கழுவிவிடுகிறது; இவற்றில் கழுவ ஒன்றுமில்லை, எண்ணெய் கரியாக இறுகிவிடும். வாசகரின் காரோ டர்போ இல்லாத சாதாரணப் பெட்ரோல் கார். அவர் வாங்கவேண்டியது ஒரு பி.சி.வி. வால்வு, அதுவும் பழையது அடைத்திருந்தால். தனியாகக் கழற்ற முடிகிற வகை என்றால் கையில் எடுத்துக் குலுக்கிப் பார்க்கலாம். டிக் டிக் என்று சத்தம் வரவேண்டும். வால்வு நன்றாயிருந்தும் ஆயில் மூடியைத் திறந்தால் புகை குபுகுபுவென வருகிறதா? அப்போது ரிங் வேலை. டப்பா மாட்டினால் அறிகுறி மறையும், அவ்வளவே.

டப்பாவில் சேர்ந்ததை வீணாக்க மனமில்லாமல் திரும்ப இன்ஜினில் ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். வேண்டாம். அதில் பாதி எண்ணெய்கூட இல்லாமல் இருக்கலாம். மீதி தண்ணீர், பெட்ரோல், கொஞ்சம் அமிலம்.