கம்பி ஒன்று, குரல் பல

மதுரை காளவாசலிலிருந்து மேற்கே போகும் சாலைதான் தேனி வழியாக இளையராஜாவின் பண்ணைப்புரம் பக்கம் போகிறது. அந்தப் பாதையோர ஊர்களின் திருவிழா மேடைகளில் மெல்லிசைக் கச்சேரி என்றால் எலெக்ட்ரிக் கிட்டார் நிச்சயம். ஆனால் ஒரே பாட்டை ஒருவர் வாசித்தால் கணீரென்று வெட்டுகிறது. இன்னொருவர் கையில் கனத்துக் குழைகிறது. ஏன்?

'மரம் அப்படி' என்பார்கள். மரத்துக்கும் பங்குண்டு, ஆனால் பெரும்பங்கு பிக்கப்புக்கே. காந்தத்தைச் சுற்றி, தலைமுடி அளவேயான செப்புக் கம்பியை ஆயிரக்கணக்கான சுற்று சுற்றிய காயில் அது. மேலே இரும்புத் தந்தி அதிர, காந்தப்புலம் அசைந்து காயிலில் மின்சாரம் பிறக்கிறது. ஆம்ப்ளிஃபயருக்குப் போவது அதுதான்.

1954-ல் வந்த ஃபெண்டர் ஸ்ட்ராடோகாஸ்டரில் மூன்று ஒற்றைக் காயில்கள். ஒலி பளிச்சென்றிருக்கும், ஆனால் சீரியல் செட், டியூப்லைட் சோக் ஆகியவற்றின் 50 ஹெர்ட்ஸ் மின்சார இரைச்சலையும் சேர்த்தே இழுக்கும். கிப்சன் பொறியாளர் சேத் லவர் 1955-ல் காப்புரிமை கோரிய ஹம்பக்கர் இதற்கு மருந்து. காந்தமுனைகள் எதிரெதிரான இரண்டு காயில்களை எதிரெதிராக இணைத்தால் இரைச்சல் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். தந்தியின் ஒலி மட்டும் கூடும். ஆனால் தந்தியின் அகன்ற பகுதியைக் 'கேட்பதால்' மேல் சுரங்கள் மங்கிவிடும். 1957 முதல் லெஸ் பால் கிட்டாரில் கேட்கும் தடித்த குரலுக்கு இதுவே முதல் காரணம்.

பிக்கப் இருக்கும் இடமும் முக்கியம். வீணையில் குதிரைக்கருகே மீட்டினால் நாதம் கூராகும், நடுப்பக்கம் வந்தால் கனியும் அல்லவா? கிட்டாரில் மீட்டும் இடத்தோடு, கேட்கும் இடமும் இப்படித்தான் வேலைசெய்கிறது. பிரிட்ஜை ஒட்டிய பிக்கப் கூராகவும், கழுத்தருகே உள்ளது உருண்டையாகவும் ஒலிக்கும். ஸ்ட்ராடோகாஸ்டரில் முதலில் மூன்று நிலைச் சுவிட்சே இருந்தது. வாசிப்பவர்கள் அதை இடையிலே நிறுத்தி இரண்டு பிக்கப்புகளைக் கலந்தார்கள். 1977-ல் நிறுவனமே ஐந்து நிலைச் சுவிட்சைக் கொடுத்தது.

கர்நாடக மேடைக்கும் இந்த விஞ்ஞானம் வந்தது. மாண்டலின் உ. ஸ்ரீநிவாஸ் இரட்டைத் தந்திகளை விட்டு, ஐந்து ஒற்றைத் தந்திகள் கொண்ட மின்சார மாண்டலினை எடுத்துக்கொண்டார். சாதாரண மாண்டலினில் மீட்டிய ஒலி சீக்கிரமே அடங்கிவிடும்; கமகத்துக்கோ நீளும் நாதம் வேண்டும். மின்சாரம் அதைத் தந்தது.

ஆகவே புதிய கிட்டார் வாங்கப் போகிறவர் வண்ணத்தையும் மரத்தின் பெயரையும் பார்க்கும் முன், ஒவ்வொரு பிக்கப்பையும் தனித்தனியே வாசித்துக் கேட்கட்டும். கையிலிருக்கும் பழைய கிட்டார் பிடிக்கவில்லை என்றாலும் பிக்கப்பை மாற்றிப் பார்க்கலாம். அதற்குப் புதிய கிட்டாரின் விலை ஆகாது.